நோவுக்கு எத்தனை புள்ளி?

எனது இடது மேற்கையின் பின்பக்கத்தில், தோள்மூட்டிலிருந்து நாலு விரல் கீழே, ஒரு ஷெல் துண்டு பதினாறு வருடங்கள் இருந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். தொட்டுப் பார்த்தால் தோலுக்குக் கீழே வழுகி விலகும். குளிக்கும்போது சவர்க்காரம் போடுகிற கை தானாகவே அந்த இடத்தில் ஒருமுறை நின்று போகும். எங்கள் ஊரில் இப்படி உடம்பில் இரும்போடு சீவிக்கிறவர்கள் பலர். ஒருத்தருக்கு முதுகில், ஒருத்தருக்குத் தொடையில், சிலருக்குத் தலையில். மழைக்குணம் வந்தால் எல்லோருக்கும் உளையும். "உமக்கும் உளையுதோ? அப்ப நாளைக்கு மழைதான்" என்று பகிடி விட்டுக்கொள்வோம்.

2009ஆம் ஆண்டு மார்ச் மாதம், மாத்தளனில் எங்கள் தரப்பாள் கொட்டிலுக்கு முன்னால் விழுந்த ஷெல்லில் எனக்கு இது பட்டது. அதே ஷெல்லில்தான் என் தங்கச்சி செத்தாள். கஞ்சி வாங்கப் போனவள் திரும்பி வந்து, வாளியைக் கீழே வைக்கக் குனிந்த நேரம். அதைப்பற்றி இங்கே கூடுதலாக எழுதப் போவதில்லை. நான் எழுத வந்தது தோலை வெட்டும்போது வருகிற நோவைப் பற்றி. ஆனால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்லவும் எனக்கு முடியவில்லை.

உள்ளே பேசாமல் கிடக்கிற துண்டை வைத்தியர்கள் இலேசில் எடுக்கமாட்டார்கள். தேடிக் கிண்டுவதால் வருகிற கேடு, விட்டுவிடுவதால் வருவதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பார்கள். செட்டிகுளம் முகாமில் இருந்தபோதும், பிறகு மீள்குடியேறிய பிறகும் எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. நானும் விட்டுவிட்டேன். ஆனால் என்னுடையது பேசாமல் கிடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து தோலை முட்டிக்கொண்டு நின்றது. நான் தையல் வேலை செய்கிறவள். மெசினில் துணியைத் தள்ளத் தள்ள அந்த இடம் சிவந்து போகும். இரண்டு தடவை சீழ் வைத்தது. சீழ் முழுதாக ஆறின பிறகு, 2025ஆம் ஆண்டு, "இனி எடுத்துவிடுவோம், சின்ன வேலைதான், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று திகதி தந்தார்கள்.

சிறு சத்திரசிகிச்சைக் கூடத்தில் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். வைத்தியர் இளம் பெண். தென்பகுதியைச் சேர்ந்தவர், தமிழ் படித்திருந்தார். "வலிக்குதா?" என்று புத்தகத் தமிழில் கேட்பார். பக்கத்தில் நின்ற தாதி எங்கள் பக்கத்துப் பிள்ளை. அவள் அதை "நோகுதோ அக்கா?" என்று மாற்றித் தருவாள். எங்களுக்கு நோ என்றால்தான் நோ. வலி என்றால் அது ஏதோ பத்திரிகையில் வருகிற சொல்.

தொடங்க முதல் அந்தப் பிள்ளை என் முகத்துக்கு நேரே குந்தியிருந்து சொன்னாள்: "அக்கா, இடையில இடையில நோ எவ்வளவு எண்டு கேப்பன். சைபர் எண்டால் நோவே இல்லை. பத்து எண்டால் நீங்கள் நினைச்சுப் பார்க்கக்கூடிய ஆகப்பெரிய நோ. நீங்கள் ஒரு இலக்கம் சொன்னால் போதும். சரியோ?"

சரி என்றேன். ஆகப்பெரிய நோவை நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்க்கச் சொல்லாமலே எனக்கு அது தெரியும். வாளியும் மண்ணும் கஞ்சியும் ஒன்றாகக் கிடந்தது. பத்து அதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். பத்து அதுவென்றால் மற்றதெல்லாம் எத்தனை? கையில் ஒரு ஊசி ஏறுவது எத்தனை?

விறைப்பூசி போட்டார்கள். அரைத்த மிளகாயைப் புண்ணில் தேய்த்த மாதிரி எரிந்தது. "எத்தினை அக்கா?" என்றாள். "ஒண்டு" என்றேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து, தோலை ஏதோ கருவியால் நுள்ளிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வெட்டினார்கள். யாரோ சட்டைத் துணியை வெட்டுகிற மாதிரி ஒரு சத்தமும் இழுவையும் மட்டும். நல்லது என்று கண்ணை மூடினேன். உள்ளே போகப் போகத்தான் தொடங்கியது. சுள்ளென்று ஒரு தெறிப்பு, முழங்கை வரைக்கும். திரும்பவும் ஒன்று. நெருப்புக்கம்பி போட்டு இழுக்கிற மாதிரி.

"எத்தினை அக்கா?"

"ரெண்டு. பரவாயில்லை, நீங்கள் செய்யுங்கோ."

அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் எழுந்து கால்மாட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். பிறகு வைத்தியருக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். கத்தி நின்றது. என் முகத்துக்கு நேரே திரும்ப வந்து குந்தினாள்.

"வாயாலை ரெண்டு சொல்லுறீங்கள். கால்விரல் பத்தும் மடங்கிக் கிடக்கு. துடையெல்லாம் இறுகிப்போய்க் கிடக்கு. அக்கா, உண்மையில எத்தினை?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்டைக்கு விறைக்காமலே தைச்சவைதானே, பிள்ளை. அதைத் தாங்கினனான்தானே" என்றேன்.

மாத்தளனில் என் காயத்தைக் கழுவித் தைத்தவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள், விறைக்க மருந்து இல்லை என்று. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்ததை வைத்துச் செய்தார்கள். அவர்களால்தான் இந்தக் கை இன்றைக்கும் மெசின் ஓட்டுகிறது.

தாதி அதைச் சொல்ல, வைத்தியர் முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவரே தமிழில் சொன்னார்: "அப்ப மருந்து இல்லை. இப்ப இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தி போகும்போது வராத அழுகை. எட்டு என்றேன். முதல் ஊசி ஆறு, இப்போது எட்டு என்று திருத்திச் சொன்னேன். திரும்ப மருந்து போட்டார்கள். பழைய காயத்தில் சதை தழும்பாகி இறுகிப்போனால் விறைப்பு மருந்து அதற்குள் இலேசில் பரவாதாம். அதனால் மேலே விறைத்தும் உள்ளே விறைக்காமல் இருந்திருக்கிறது. இது என் பொறுமைக் குறைவு அல்ல, சதையின் குணம். இதை நான் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெட்டுகிறவருக்கு மேலே தெரிவது தோலும் இரத்தமும்தான். உள்ளே எரிகிறதா என்பது எனக்கு மட்டும் தெரிந்த செய்தி.

ஐந்து நிமிடம் போயிருக்கும். "எத்தினை?" என்றாள். "சைபர்" என்றேன். இந்தத் தடவை உண்மை.

துண்டு தட்டத்தில் விழுந்த சத்தம் கேட்டது. வேண்டுமா என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன். அது இப்போது பொபின் பெட்டிக்குள் ஒரு சின்னப் போத்தலில் இருக்கிறது. எறியலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

என் மகள் தாதியப் பயிற்சியில் இருக்கிறாள். மாத்தளனில் பங்கருக்குள் இருந்தபோது அவளுக்கு ஐந்து வயது. நான் அன்றிரவு நடந்ததைச் சொல்ல, அவள் தன் கொப்பியை எடுத்துவந்து விரித்துக்கொண்டு இருந்தாள். நோவை அளப்பதற்கு ஒரு பாடமே இருக்கிறதாம். நாடி, பிரஷர், காய்ச்சல், மூச்சு இவற்றோடு சேர்த்து எழுதவேண்டிய ஒன்றாம். ஆனால் மற்ற நாலையும் கருவி சொல்லும். இதை மட்டும் நோயாளிதான் சொல்லவேண்டும்.

கருவி செய்யப் பார்க்காமல் விடவில்லை. 1940களில் நியூயோர்க்கில் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜேம்ஸ் ஹார்டி, ஹரோல்ட் வுல்ஃப், ஹெலன் குடெல் என்று மூன்று பேர். நெற்றித் தோலில் கறுப்பு மை பூசி, விளக்கு வெளிச்சத்தை வில்லையால் குவித்து அதன்மேல் விழவிட்டு, எந்தச் சூட்டில் குத்தத் தொடங்குகிறது என்று பார்த்திருக்கிறார்கள். தங்கள் தோலிலேயே சுட்டுச் சுட்டுப் பழகியவர்கள், அதற்காக அவர்களை மதிக்கத்தான் வேண்டும். நோவுக்கு ஓர் அலகும் வைத்தார்கள், அதற்கு 'டோல்' என்று பெயர். துணிக்கு யார், அரிசிக்குக் கிலோ, நோவுக்கு டோல். பிறகு ஹார்டியும் இன்னொரு வைத்தியரும் பிள்ளைப்பேற்று நோவில் கிடக்கிற பெண்களிடம் இதைக் கொண்டுபோய், ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் இடையில் கையில் சூடு காட்டி, "இதுவா கூட, அதுவா கூட?" என்று கேட்டு அளந்தார்கள். 1949இல் அந்த ஆய்வு வெளிவந்திருக்கிறது. ஆகக்கூடிய நோ பத்தரை டோல் என்று கணக்கு. சில பெண்களுக்குக் கை பொக்களித்தும் போனது. நானும் ஒன்று பெற்றவள். அந்த நேரம் யாராவது விளக்கோடு வந்திருந்தால் விளக்கை வாங்கி அவர் நெற்றியிலேயே வைத்திருப்பேன் என்று நான் சொல்ல, மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கருவி வைத்தியசாலைகளில் நிலைக்கவில்லை. சுடுகிற விளக்குக்கு முன்னால் இருக்கிறவரின் நோவும், காயத்தோடு கிடக்கிறவரின் நோவும் ஒரே மாதிரி நடக்கவில்லை. கடைசியில் ஆளிடமே கேட்பதுதான் வழி என்று வந்துவிட்டது. பத்துச் சென்றிமீற்றர் கோடு ஒன்று கீறி, இந்த முனை நோ இல்லை, அந்த முனை தாங்க ஏலாத நோ, எங்கே என்று புள்ளி வையுங்கள் என்பார்கள். அல்லது இலக்கம் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆறு முகங்கள் வரைந்த படம் இருக்கிறது. சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். அது பிறந்த இடம் அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில், எரிகாயப் பிள்ளைகளின் வாட்டு. 1980களின் தொடக்கத்தில் டொனா வோங் என்ற தாதியும், பிள்ளைகளோடு வேலை செய்த கொனி பேக்கர் என்பவரும் வெறும் வட்டங்களைக் கொடுத்து, உங்கள் நோவை முகமாகக் கீறுங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டிருக்கிறார்கள். தோல் உரிந்த பிள்ளைகள் கீறிய முகங்களிலிருந்து வந்த அளவுகோல் அது. அதில் ஒரு குறிப்பும் உண்டாம்: கடைசி முகத்தைத் தெரிவு செய்ய, நீ அழுதுகொண்டிருக்கவேண்டும் என்று இல்லை. இதை மகள் வாசித்தபோது நான் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தேன். எங்கள் பிள்ளைகளுக்குப் பங்கருக்குள் நாங்கள் சொல்லிக்கொடுத்தது அழாமல் இருக்கத்தானே. "சத்தம் போடாதை, சத்தம் போடாதை" என்று வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தோம். முகத்தைப் பார்த்து எங்கள் நோவை அளக்க வந்தவர்கள் ஏமாந்துதான் போயிருப்பார்கள்.

இலக்கத்தைவிடச் சொல் நல்லது என்று நினைத்தவரும் இருக்கிறார். கனடாவின் மொன்றியல் நகரத்து ரொனால்ட் மெல்சாக். நீரிழிவினால் கால்களை இழந்த ஒரு முதிய பெண், இல்லாத காலில் நோகிற நோவை விதவிதமான சொற்களில் சொல்லக் கேட்டு, அவர் நோயாளிகளின் சொற்களைச் சேகரிக்கத் தொடங்கினாராம். 1975இல் எழுபத்தெட்டுச் சொற்களை இருபது கூட்டமாகப் பிரித்து ஒரு கேள்விக்கொத்தாக வெளியிட்டார். இல்லாத காலில் நோகிறது என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அக்கா இன்னும் இல்லாத பெருவிரலைச் சொறியக் குனிவா.

எழுபத்தெட்டோ என்று நானும் மகளும் எண்ணத் தொடங்கினோம். உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, தெறிப்பு, பிடிப்பு, விறைப்பு, அரிப்பு. விண் விண் என்று, சுள் சுள் என்று, ணங்கென்று. 'நோவும் உளைவும்' என்று சேர்த்துச் சொல்வது வேறு. அரை மணித்தியாலத்தில் இருபது தாண்டிவிட்டோம். இதில் எனக்கு ஒன்று விளங்கியது. உளைகிறது என்றால் வைத்தியருக்கு ஒரு செய்தி, எரிகிறது என்றால் இன்னொன்று, தெறிக்கிறது என்றால் நரம்போடு சேர்ந்த மற்றொன்று. இலக்கம் எவ்வளவு என்று சொல்லும். எப்படி என்று சொல்லச் சொல் வேண்டும். நான் அன்று "முழங்கை வரைக்கும் தெறிக்குது" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர்கள் உடனே நிறுத்தியிருப்பார்கள்.

பிறகுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அம்மா, அண்டைக்கு, அது படேக்க எத்தினை?"

உண்மையைச் சொல்கிறேன், படும்போது ஒன்றுமே தெரியவில்லை. கை நனைந்த மாதிரி இருந்தது, கஞ்சி ஊற்றுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். நோகத் தொடங்கியது பொழுதுபட்ட பிறகு. இது எனக்கு மட்டும் நடந்த புதுமை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கொப்பியில் அதற்கும் ஆள் இருக்கிறார். ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலிப் போர்முனையில் வேலை செய்தவர். கடுமையாகக் காயப்பட்ட இருநூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களிடம் நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்க, நாலில் மூன்று பேரளவில் வேண்டாம் என்றார்கள் என்று 1946இல் எழுதியிருக்கிறார். காயம் அவர்களுக்கு யுத்தத்திலிருந்து வெளியேறுகிற வழி, அதனால்தான் நோ குறைந்தது என்பது அவருடைய விளக்கம்.

எனக்கு அந்த விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. சிப்பாய்க்கு வீடு வேறு எங்கோ இருந்தது. எங்களுக்கு வீடே அந்தத் தரப்பாள்தான். ஆனால் வெளியே போகிற வழி என்ற சொல் என்னைக் குத்தியது. அந்த வருடம் பெப்ரவரி 10ஆம் திகதியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் காயக்காரரைக் கடல்வழியாகத் திருகோணமலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றக்கூடிய ஆட்களைத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. என் கையைப் பார்த்தவர், இது கப்பலுக்குப் போதாது என்றார். அவர் சொன்னது சரி. எனக்குப் பக்கத்தில் கால் இல்லாத பிள்ளை கிடந்தாள். அன்றைக்கு என் காயம் அளக்கப்பட்டது. போதாது என்று வந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த நோவையும் நான் அந்தத் தராசில் போட்டுத்தான் பார்த்து வந்திருக்கிறேன். தலையிடியோ, பல்லுக்குத்தோ, மாதவிலக்கு நோவோ, எல்லாம் போதாது.

நான் ஒருத்தி மட்டும் இல்லை. எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருத்தி இடுப்பு நோகிறது என்று தொடங்கினால், மற்றவள் "உனக்கு இடுப்பு, அவளுக்குப் பிள்ளையே இல்லாமல் போச்சு" என்பாள். சொல்கிறவளும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. எல்லோரும் தாங்கினோம் என்பதுதான் எங்களிடம் மிஞ்சிய ஒரே பெருமை. ஆனால் இதனால் எத்தனை பேர் கட்டியை, ஆறாப் புண்ணை, நெஞ்சு நோவைச் சொல்லாமல் வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பயிற்சியில் படிப்பிக்கிறது எளிய விசயம்தான் என்றாள் மகள். உங்களுடைய எட்டையும் இன்னொருவருடைய எட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அந்த இலக்கம் உதவாது. உங்களுடைய இப்போதைய இலக்கத்தை உங்களுடைய அரை மணித்தியாலத்துக்கு முந்தின இலக்கத்தோடு பார்க்கத்தான் உதவும். மருந்துக்குப் பிறகு இரண்டு புள்ளியளவு இறங்கினால் அது ஆளுக்குத் தெரிகிற நிவாரணம் என்று எடுத்துக்கொள்வார்களாம். நிவாரணம் என்றதும் எனக்கு அரிசி, மா, பருப்பு, சீனி என்று முகாம் அட்டைதான் ஞாபகம் வந்தது. கியூவில் நிற்காமல் கிடைக்கிற நிவாரணமும் உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது.

"அப்ப உங்கட பத்து?" என்று மகள் கேட்டாள். பத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நான் பதில் சொல்ல அடுத்தநாள் வரை எடுத்தது. அந்தப் பத்து இந்தக் கோட்டில் இல்லை. அது கைக்கு வந்த நோ இல்லை. அதற்கு ஒரு ஊசியும் போட ஏலாது, யாரும் அதைப் போட்டு இறக்கவும் வேண்டாம். அது என்னோடு இருக்கட்டும். தோலுக்குக் கீழே போகிற கத்திக்கு வேறு சைபரும் வேறு பத்தும் வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பிரித்து வைத்தபோது தங்கச்சிக்கு ஏதோ துரோகம் செய்த மாதிரித்தான் முதலில் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால், "ஏனடி பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறாய், வாயைத் திறந்து சொல்லன்" என்று முதல் பேசியிருப்பாள். அவள் வாய்காரி.

இப்படித் தோலை விறைக்கவைத்துச் செய்கிற சின்னச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் எங்களில் பலர். ஷெல் துண்டு எடுக்க, தடித்த தழும்பு வெட்ட, கட்டி எடுக்க. ஆகையால் நான் அறிந்ததை எழுதுகிறேன். விறைக்கப் போடுவது பெரும்பாலும் லிக்னோக்கெயின் என்ற மருந்து. 1943இல் சுவீடன் நாட்டில் முதன்முதல் செய்யப்பட்டது, செய்தவரின் இளம் கூட்டாளி தன் உடம்பிலேயே குத்திப் பார்த்திருக்கிறார். அந்த மருந்து அமிலத்தன்மை உள்ளது, அதுதான் ஏறும்போது எரிகிறது. மெல்லிய ஊசியால் ஆறுதலாக ஏற்றினால் எரிவு குறையும். சிலர் அமிலத்தைக் குறைக்கிற மருந்தையும் கலந்து போடுவார்கள். "மெதுவாப் போடுங்கோ டொக்டர்" என்று கேட்பதில் பிழை இல்லை. வேலைசெய்யச் சில நிமிடம் எடுக்கும். விறைத்த பிறகும் தொடுவதும் அமத்துவதும் இழுப்பதும் தெரியும், அது பயப்பட வேண்டியதல்ல. கூர்மையாகக் குத்துவதோ எரிவதோ தெரியக்கூடாது. தெரிந்தால் கையைக் காலை இழுக்காமல் வாயால் சொல்லவேண்டும். சீழ் வைத்த இடத்திலும் இந்த மருந்து சரியாகப் பிடிக்காது. உடல் நிறைக்கு ஏற்றபடி இதற்கு ஒரு மேல் எல்லை இருப்பதால், கேட்டவுடன் கேட்டளவு போடவும் மாட்டார்கள். சிலவேளை பொறுத்துத்தான் தொடங்குவார்கள். வாயைச் சுற்றி விறைத்தால், காது இரைந்தால், நாக்கில் இரும்பு உருசி வந்தால், தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு ஒத்துவராமல் போயிருந்தால் ஏறமுதலே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து ஓரிரு மணித்தியாலத்தில் விறைப்பு விட்டுப்போகும். அதுவரை காத்திராமல், எனக்குச் சொல்லித் தந்தபடி முதலே பனடோல் போட்டேன். வளர்ந்தவர்களுக்கு ஒருமுறைக்கு இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் நன்றாக மெலிந்தவர்களும் அளவைக் கேட்டே போடவேண்டும். முதல் இரவு எனக்கு ஐந்து. இரண்டாம் நாள் மூன்று. நாலாம் நாள் மெசினுக்கு முன்னால் இருந்துவிட்டேன், மகளிடம் ஏச்சும் வாங்கினேன்.

தோலை ஒட்டும் சிகிச்சை செய்தவர்களுக்கு இன்னொன்று. குப்பி விளக்கு விழுந்து எரிந்த ஒரு பிள்ளை எனக்குப் பக்கத்தில் கட்டு மாற்ற இருந்தாள். ஒட்டின கையைவிட, தோல் எடுத்த துடைதான் நோகிறது என்றாள். யாருக்கும் சொல்லவில்லையாம், எரிந்தது கைதானே, துடை நோகிறது என்றால் சிரிப்பார்கள் என்று. தோல் எடுத்த இடத்தில் நரம்பு நுனிகள் வெறுமையாக நிற்பதால் அங்கேதான் பலருக்கும் நோ கூட என்று தாதி அவளுக்கு விளங்கப்படுத்தி மருந்து கொடுத்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த ஆறுதல் மருந்தினால் வந்ததல்ல. மருந்து அப்போதுதான் தொண்டையால் இறங்கியது.

பத்தாம் நாள் இழை வெட்டப் போனேன். வெளிவாங்கில் வயதான ஓர் அம்மா இருந்தா. கணுக்காலுக்கு மேலே துண்டு ஒன்று மேலுக்கு வந்து நிற்கிறது, அன்றைக்கு எடுக்கப்போகிறார்கள். மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. என் கைக் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"நோகுமோ பிள்ளை?"

இப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் இவ்வளவு காலமும் சொன்ன பதில் ஒன்றுதான். இல்லை, நுளம்பு கடிச்ச மாதிரி.

"நோகும் அம்மா" என்றேன். "ஊசி ஏறேக்க எரியும். எனக்கு அது பத்துக்கு ஆறு. ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு வெட்டுறது ஆரோ சட்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி. கூராக் குத்தினால் பொறுத்துக்கொண்டு கிடவாதேங்கோ. அந்த மிஸ்ஸிட்டைச் சொல்லுங்கோ, நிப்பாட்டுவினம்."

"அவைக்கு எத்தினை வேலை. அதுக்குள்ள நாங்கள் கரைச்சல் குடுக்கிறதே?"

"கரைச்சல் இல்லை அம்மா. அவை கேக்கிறதே அதுக்குத்தான்."

அவ என்னை நம்பினாவோ தெரியாது. பெயரைக் கூப்பிட்டார்கள். பையை என்னிடம் தந்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனா. என் இழையை வெட்டி முடித்தும் பை என்னிடம் இருந்ததால் வாங்கிலேயே இருந்தேன். கதவு சரியாகச் சாத்துப்படாது. உள்ளே கருவிகள் தட்டத்தில் படுகிற சத்தம், அந்தத் தாதிப் பிள்ளை மெதுவாக ஏதோ கேட்கிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது, நல்ல உரப்பாக.

"பிள்ளை, நோகுது. கொஞ்சம் நில்லுங்கோ."